சோத்தாங்கை மாறிய பிள்ளை

நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் நாளும் கிழமையும் அச்சடித்து அனுப்புகிற அந்த ஊரில், பொங்கல் கழிந்து கரும்புச் சக்கை தெருவோரம் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஜெயக்கொடியின் ஆறு வயது மகள் வேணி, இட்லியை இடக்கையால் பிட்டு வாயில் வைத்தாள்.

"ஏட்டி, சோத்தாங்கையால சாப்பிடு" என்று ஜெயக்கொடி அவள் புறங்கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"இதாம்மா சோத்தாங்கை" என்றாள் வேணி.

அவள் பொய் சொல்லும் பிள்ளையில்லை. ஜெயக்கொடி மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இடக்கன்னத்தில் இருந்த மச்சம் வலக்கன்னத்தில் இருந்தது. உச்சிச் சுழி மறுபக்கமாகச் சுழித்திருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய முழங்கால் தழும்பும், போன வாரம் விழுந்த பல்லின் ஓட்டையும்கூட ஒன்றையும் மறந்துவிடாமல் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குக் குடிபோயிருந்தன. மார்பில் காதை வைத்தாள். இதயம் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, என்றைக்கும் அங்கேயே இருந்தது போல அடித்துக்கொண்டிருந்தது. "அத்தான், இங்க கொஞ்சம் வாங்க" என்று அவள் கணவனைக் கூப்பிட்டாள்; பால் பொங்குகிறது என்று கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள்.

பூவலிங்கம் வந்தான். பிள்ளையைப் பார்த்தான். பிறகு அவளுடைய கட்டிலுக்கு மேலே தொங்கிய புதுக் காலண்டரைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு அச்சாபீஸில் வேலை. கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கெரிய, மேலே ஃபிலிம்களை விரித்து, எழுத்து ஃபிலிமை ஓரிடத்தில், படத்து ஃபிலிமை ஓரிடத்தில் ஒட்டி, பிளேட் போடுவதற்கு அனுப்புகிறவன். ஊருக்கே அரிசி போடும் ராஜாமணி அண்ணாச்சி தன் மண்டிக் காலண்டருக்கு இந்த வருஷம் "சாமியெல்லாம் போதும்ப்பா, நம்ம ஊருப் பிள்ளை ஒண்ணு வயிறார சாப்பிடுற மாதிரிப் போடு" என்று சொல்ல, சிவப்புப் பாவாடை கட்டி, வெள்ளித்தட்டில் மலையாகக் குவித்த சோற்றைச் சோத்தாங்கையால் அள்ளி, கன்னம் இரண்டும் புடைக்கச் சிரிக்கிற வேணியைப் படமெடுத்துப் போட்டார்கள். எழுத்து சரியாக விழுந்தது. தேதி சரியாக விழுந்தது. படத்து ஃபிலிமை மட்டும் பூவலிங்கம் மறுபக்கம் மேலாக ஒட்டிவிட்டான். காலண்டரில் வேணி இடக்கையால் சாப்பிட்டாள், வலக்கன்னத்து மச்சத்தோடு சிரித்தாள்.

"ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தேன் ஜெயா" என்றான் அவன். "ரெண்டு பக்கமும் என் பிள்ளையாத்தான் தெரிஞ்சா."

அந்த ஊர்க்காரர்கள் ஊரூராகக் காலண்டர் அனுப்பிவிட்டுத் தங்கள் வீட்டில் ஆணியடித்து மாட்டுவது அண்ணாச்சியின் காலண்டர் ஒன்றைத்தான், ஏனென்றால் அதுதான் பொங்கல் அரிசி மூட்டையோடு சும்மா வரும். கடைசி வீட்டுக்காரனும் அதை வாங்கி மாட்டிய அன்றைக்குத்தான் வேணி மாறினாள். அத்தனை சுவரிலும் ஒரு பிள்ளை ஒரு விதமாகவே தொங்கினால், உயிரோடு திரியும் ஒற்றைப் பிள்ளை என்ன செய்யும்? பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு அதுவும் திரும்பிக்கொண்டது. ஊர் அப்படித்தான் புரிந்துகொண்டது, அதற்கு மேல் காரணம் கேட்க யாருக்கும் நேரமில்லை.

செய்தி டீக்கடைக்கு வருமுன்னே ஊர் அதற்குப் பழகத் தொடங்கிவிட்டது. தையல்காரர் அவள் சட்டைக்குப் பொத்தானை மறுபக்கம் மாற்றித் தைத்தார். செருப்புக் கடைக்காரர் சோடியை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று இரண்டு பெட்டியையும் திறந்துவைத்தார். பள்ளிக்கூடத்தில் அவள் எழுத்துகளை வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவது போல எழுதியபோது டீச்சர் பதறவில்லை, டீச்சரின் அப்பா ஒரு காலத்தில் அச்சுக் கோத்தவர், பக்கம் மாறிய எழுத்தைப் படித்தே பெண்ணைப் படிக்கவைத்தவர், ஆகையால் ஸ்லேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டி மார்க் போட்டாள். பிள்ளையின் இடக்கையில் பிரசாதம் கொடுக்கலாமா கூடாதா என்று கோயிலில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. சோறு தின்னும் கைதான் சோத்தாங்கை, அது எந்தப் பக்கம் முளைத்திருக்கிறது என்பது அந்தந்தப் பிள்ளையின் சௌகரியம் என்று முடிவாயிற்று. சோசியக்காரர் மட்டும் ராசிக் கட்டத்தையும் திருப்பி எழுத வேண்டுமா என்று மூன்று வெற்றிலை போட்டு யோசித்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்று எழுந்துபோனார். தெருப்பிள்ளைகள் வேணியைப் போல இடக்கையால் சாப்பிட்டு அம்மாக்களிடம் அடி வாங்கினார்கள். எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, பிள்ளை இளைக்கத் தொடங்கும்வரை.

வேணி சாப்பிட்டாள். இட்லி, தோசை, பருப்புச் சோறு, முட்டை, அண்ணாச்சி அனுப்பிய பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் சாப்பிட்டாள், ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. புதினாத் துவையலை முகர்ந்துவிட்டு, "சதகுப்பை மருந்து நாத்தம் அடிக்கும்மா" என்று தள்ளிவைத்தாள். சீனி இனித்தது, ஆனால் இனித்ததோடு சரி. விலா எலும்பு தெரிந்தது. பிறகு முகத்தின் எலும்பும் தெரிந்தது.

டாக்டர் கனகசபை குளுக்கோஸ் ஏற்றினார். நகரத்து ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அங்கே எடுத்த எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிய, ஃபிலிமைத்தான் யாரோ மாற்றிச் செருகிவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, நன்றாகச் சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஏத்துன குளுக்கோஸ் அப்படியே சிறுநீர்ல வெளிய வந்துருச்சு டீச்சர்" என்றார் கனகசபை. "எனக்கு ஒண்ணும் ஓடல."

ஜெயக்கொடிக்கு ஓடியது. ஓடியதுதான் கொடுமை. சோற்றுக்கும் பருப்புக்கும் சீனிக்கும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவில், இடது வலது உண்டு. ஒரு காலுக்கான செருப்பை மறுகாலில் எவ்வளவு திணித்தாலும் சேராதது போல, இந்த உலகத்தில் விளைந்த எந்தச் சாப்பாடும் இனி இந்த உடம்பில் சேராது. தண்ணீரும் உப்பும் மட்டுமே பக்கம் இல்லாத பொருள்கள். அவை இரண்டும்தான் பிள்ளையிடம் தங்கின. உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எத்தனை நாள் ஒரு பிள்ளை உயிரோடு இருக்கும் என்று ஜெயக்கொடி கணக்குப் போடத் தொடங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கைப் பாதியில் விட்டாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அவள் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்த்தாள், பைத்தியக்காரத்தனம்தான், வாந்திதான் வந்தது.

ஊர் கைகட்டி நிற்கவில்லை. சுற்றச் சொன்னது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மன் சன்னதியை வலமாகச் சுற்றினார்கள், அது பலிக்காதபோது, பக்கம் மாறிய பிள்ளைக்கு இடமாகச் சுற்றினால்தானே வலம் என்று இடமாகச் சுற்றினார்கள். அரசமரத்தைச் சுற்றினார்கள், கண்மாயைச் சுற்றினார்கள், பிள்ளையை நடுவில் உட்காரவைத்து ஊரே அவளைச் சுற்றியது, சாமியாடி ஒருவர் அவள் தலைக்கு மேலே எலுமிச்சம்பழத்தைச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தாமே மயங்கி விழுந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஜெயக்கொடி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போனாள். அந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இது பலிக்காது என்று நிச்சயமாகத் தெரியும். தெரிந்துகொண்டே போனாள்.

ஏனென்றால் அவள் சோறு தின்பதே அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துத்தான். வருஷா வருஷம் குலக் கோட்பாடு என்று தலைப்பு எழுதியதும் வகுப்பிலிருக்கும் பெண்கள், கணக்கில் இதென்ன சாதி பற்றிய பாடமோ என்று விழிப்பார்கள், அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு சதுர அட்டையை எடுப்பாள். மேசையில் வைத்து அட்டையைச் சுற்றிக் காட்டுவாள். ஒரு சுற்றோடு இன்னொரு சுற்றைச் சேர்த்தால் வருவதும் சுற்றுதான், எத்தனை சேர்த்தாலும் சுற்றுகளின் கூட்டத்தை விட்டு வெளியே வரமுடியாது. பிறகு அட்டையைப் புரட்டுவாள். இது வேறு சாதி என்பாள், பெண்கள் சிரிப்பார்கள். புரட்டியதைச் சுற்றிச் சரிசெய்ய முடியாது. இன்னொரு முறை புரட்டினால்தான் பழையபடி ஆகும். அந்த வருஷம் அட்டையைப் புரட்டப் போனவள் பாதியில் நிறுத்தினாள். அட்டையை மேசையிலிருந்து மேலே தூக்கித்தானே புரட்ட முடியும்? தாளிலிருப்பதைப் புரட்ட, தாளுக்கு வெளியே ஓர் இடம் இருக்கிறது. உலகத்திலிருக்கும் பிள்ளையைப் புரட்ட, உலகத்துக்கு வெளியே எந்த இடத்துக்குத் தூக்குவது? தூக்கியவர்கள் திருப்பிக் கொடுப்பார்களா? அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள், பாடம் புரிந்த பெண்களும் புரியாத பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

பூவலிங்கம் ராப்பகலாக நின்று ஃபிலிமைச் சரியாக ஒட்டிப் புதுக் காலண்டர் அடித்தான். ஊரார் வாங்கிப் பழையதன் பக்கத்திலேயே மாட்டினார்கள். மாட்டிய மதியம் வேணிக்கு மச்சம் இரண்டு கன்னத்திலும் வந்தது, இரண்டு கையும் நடுங்கியது, தூக்கிப் போட்டது. ஓடி ஓடிப் புதியதைக் கழற்றினார்கள். அப்படியென்றால் பழையதைத் தொலைத்துவிடுவோம் என்று அண்ணாச்சி மண்டியில் தொங்கியதை எடுத்து அடுப்பில் வைக்க, ஒரு மூலை கருகியதுமே வேணி தன் வீட்டில் இருந்தபடி அலறினாள், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அண்ணாச்சி வெறுங்கையால் நெருப்பை அணைத்தார். கிழிக்கவும் வழியில்லை, எரிக்கவும் வழியில்லை. ஊர் தன் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

மாசியில் ஒரு காலை கனகசபையின் ஆஸ்பத்திரியில், கட்டிலில் கிடந்த பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள் ஜெயக்கொடி. மின்விசிறிக் காற்றில் டாக்டர் அறைக் காலண்டர் ஆணியிலிருந்து கழன்று பறந்து, சன்னல் கம்பியில் போய் முகம் வெளியே பார்க்க ஒட்டிக்கொண்டது. வெயில் அதன் வழியாக வந்தது. வெள்ளையான பின்பக்கத்தில் மங்கலாக ஒரு பிள்ளை தெரிந்தது, இடக்கன்னத்தில் மச்சம், சோத்தாங்கையில் சோறு. அதே நேரம் இங்கே வேணி வாயில் கனகசபையின் மனைவி வைத்த ஒரு வாய் கஞ்சி, எத்தனையோ நாளைக்குப் பிறகு, வயிற்றில் தங்கியது.

ஜெயக்கொடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுவரிலிருந்து தூக்கி, அறைக்குள் புரட்டி, வெளிச்சத்தில் வைத்தாயிற்று. பிள்ளையைப் புரட்டத்தான் இடமில்லை, படத்தைப் புரட்ட ஊரெல்லாம் இடம் இருக்கிறது.

பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து கிடத்திவிட்டு வீடு வீடாக ஏறினாள். "உங்க காலண்டரைத் திருப்பி சன்னல்ல மாட்டுங்க, மூஞ்சி வெளிய பாக்கட்டும், உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்." தெருவில் போகிறவனுக்கு அது இன்னும் இடக்கையால் சாப்பிடும் பிள்ளைதானே என்று கேட்ட ஒரு வாத்தியாரிடம், தெருவில் போகிறவன் எதைப் பார்த்தால் என்ன, பிள்ளையைக் காப்பாற்றுவது வீட்டுக்குள் இருப்பவர்களின் கண்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

கேட்பதற்குச் சின்ன உதவி. ஆனால் காலண்டரைத் திருப்பினால் தேதி போய்விடும், நல்ல நேரம் போய்விடும், ராகு காலம் எமகண்டம் எல்லாம் தெருவைப் பார்த்துப் போய்விடும். வெளியே போய்ப் பார்த்துக்கொண்டால் ஆயிற்றே என்றால், பார்த்த கண்ணில் இடக்கைப் பிள்ளை திரும்பவும் வந்துவிடுமே என்று அவர்களே பயந்து, குனிந்த தலையோடு தெருவில் நடந்தார்கள். மகளுக்கு முகூர்த்தம் குறித்திருந்தவர் பெருமூச்சு விட்டபடி திருப்பினார். சோசியக்காரர் தன் பிழைப்பையே திருப்பினார். நாட்டுக்கெல்லாம் நாள் விற்ற ஊர் நாள் தெரியாமல் வாழ்ந்தது. ஒரே வாரத்தில் செவ்வாய்க்கிழமை இரண்டு முறை வந்தது, ஞாயிறென்று தெரியாமல் பள்ளிக்கூடம் நடந்தது, அமாவாசையை இருட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள், ராகு காலத்தில் ஒரு குழந்தை பிறந்து மூன்றரைக் கிலோ இருந்தது. ஒவ்வொரு சன்னல் திரும்பும்போதும் வேணியிடம் ஒரு வாய்க் கஞ்சி தங்கியது.

எல்லா வீடும் திரும்பியாயிற்று. ஆனாலும் வேணி திரும்பவில்லை. தங்கிய கஞ்சி உயிரைப் பிடித்துவைக்கத்தான் போதுமானதாக இருந்தது, யானைப் பசிக்குச் சோளப்பொரி. மச்சம் வலக்கன்னத்திலேயே இருந்தது. பிறகு கஞ்சியும் தங்காமல் போயிற்று. எங்கேயோ ஒன்று பாக்கியிருக்கிறது என்று அண்ணாச்சி ஆள்விட்டுத் தேடினார். மாட்டுக்கொட்டகை, பம்புசெட்டு, பூட்டிய வீடு, சுடுகாட்டு வெட்டியானின் குடிசை என்று ஒன்றையும் விடவில்லை. ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் யாரும் போய்க் கேட்கவில்லை. அந்த வீட்டில் போய்க் கேட்க யாருக்கு மனம் வரும்?

"எல்லாம் பாத்துட்டோம் தாயி" என்று அண்ணாச்சி வாசலில் நின்று சொன்னார். கொப்பளித்த கையில் துணி சுற்றியிருந்தது. "இனி அந்த அம்மன்தான்."

ஜெயக்கொடி தலையாட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

வேணியின் கட்டிலுக்கு மேலே காலண்டர் தொங்கியது. முகம் அறையைப் பார்த்தபடி. ஊரிலுள்ள ஒவ்வொரு ஆணியையும் காலைப் பிடித்துக் கெஞ்சித் திருப்பவைத்தவள், இதை மட்டும் தொடவில்லை. மறந்துபோய் அல்ல. கட்டிலில் கிடப்பது எலும்பும் தோலும். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத முகம். இந்த ஒரு தாளில்தான் அவள் பெற்ற பிள்ளை இருந்தாள், கன்னம் புடைக்க, வாய் நிறையச் சோறோடு. இதையும் திருப்பி, திருப்பியும் ஒன்றும் நடக்காவிட்டால்? கட்டிலிலும் பிள்ளை இல்லை, சுவரிலும் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால்? நாளைக்குத் திருப்பலாம் என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊருக்குத்தான் உபதேசம். நாள் தெரியாத ஊரில் நாளைக்கு என்பது வந்தபாடில்லை.

பூவலிங்கம் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அவனும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

வேணி கண்ணைத் திறந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"அம்மா."

"என்னம்மா, சொல்லு கண்ணு."

"அந்தப் பிள்ளை என்னையே பாத்துக்கிட்டுச் சாப்பிடுதும்மா. எனக்குக் குடுக்கவே மாட்டேங்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதத் திருப்பி வையி."

ஜெயக்கொடி கட்டிலின் மேல் ஏறினாள். தகரப் பட்டியைப் பிடித்து ஆணியிலிருந்து கழற்றி, அந்தப் புடைத்த கன்னத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகு சன்னலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வெளியே திருப்பி மாட்டினாள்.

திரும்பி வந்தபோது பிள்ளை அசையவில்லை.

"வேணி."

பூவலிங்கம் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு கையைத் தொங்கப்போட்டுவிட்டான். ஜெயக்கொடி பாய்ந்து பிள்ளையின் மார்பில் காதை வைத்தாள். இத்தனை நாளும் ராத்திரி எல்லாம் வைத்து வைத்துப் பழகிய வலப்பக்கம். ஒன்றும் இல்லை. அழுத்தி வைத்தாள். பூட்டிய வீடு போல அமைதியாக இருந்தது. உலகத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், வைத்துக்கொண்டுவிட்டார்கள், நானே என் கையால் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அவள் அலறிய அலறலில் தெருவெல்லாம் கதவு திறந்தது. அலறியபடியே பிள்ளையை வாரி எடுத்தாள். எடுத்த வேகத்தில் அந்தச் சின்னத் தலை துவண்டு அவள் தோளில் சாய, மார்பு அவள் மார்போடு சேர்ந்தது.

அங்கே, நெடுநாளாக யாரும் காது வைக்காத இடப்பக்கத்தில், ஏதோ தட்டியது.

ஜெயக்கொடி மூச்சை அடக்கிக்கொண்டாள். மறுபடி தட்டியது. பூவலிங்கம் பிள்ளையின் முகத்தைத் திருப்பி, இடக்கன்னத்தைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அலறல் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்ற அண்ணாச்சி அங்கிருந்தே சத்தம் போட்டார்: "ஏ, யாராவது ஒரு வாய் சோத்தக் கொண்டாங்கய்யா!"

பக்கத்து வீட்டிலிருந்து பழையசோறுதான் வந்தது. ஜெயக்கொடி அதைப் பிசைந்து ஊட்டப் போனாள். வேணி வாயைத் திறக்காமல், நரம்பு தெரிகிற ஒரு கையை மெதுவாகத் தூக்கித் தட்டை நோக்கி நீட்டினாள்.

சோத்தாங்கை.